வேலியோர மரம் சரிந்தால் நட்டம் யாரைச் சாரும்?

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஐப்பசி பிறந்து வாடைக்காற்று வீசத் தொடங்கியதும், கமக்காரரின் கவனம் முழுவதும் காலபோக நெல்லிலும் தோட்டத்து நாற்றுமேடைகளிலுமே செல்லும். வேலியோரத்தில் நிற்கும் வேம்பையோ தலையிழந்த பனையையோ அண்ணாந்து பார்ப்போர் சிலரே. பின்னர் ஓர் இரவு மரம் சரிகின்றது. விடிந்ததும் அயலவர் இருவரும் வேலியின் இரு புறத்தும் நின்று பேசும் பேச்சு, வலிகாமமாயினும் வடமராட்சியாயினும் தென்மராட்சியாயினும் ஒரே தன்மையது. “உம்முடைய மரம் விழுந்து என் வெங்காயம் அழிந்தது, நட்டத்தை நீரே தரவேண்டும்” என்பார் ஒருவர். “காற்று விழுத்திய மரத்துக்கு நான் என்ன செய்வேன்?” என்பார் மற்றவர்.

சட்டத்தின் முன் இவ்விரு கூற்றுகளும் முழுமையானவை அல்ல. மரம் தம்முடையது என்ற ஒரே காரணத்தால் ஒருவர் நட்டஈடு கொடுக்கக் கடமைப்பட்டவராகார். காற்று அடித்தது என்ற ஒரே காரணத்தால் அவர் விடுபட்டவருமாகார். மரம் விழுமென அவர் முன்னரே அறிந்திருந்தாரா, அல்லது கவனமுள்ள ஒரு காணிக்காரர் அறிந்திருக்கக்கூடிய நிலையில் அம்மரம் நின்றதா என்பதே கேள்வி. ஆகலின் வழக்கின் பெரும்பகுதி மரம் விழுவதற்கு முன்னரே முடிந்துவிடுகின்றது எனலாம்.

எந்தச் சட்டம் பொருந்தும்

காணி தொடர்பான பிணக்கு எதுவாயினும் அது தேசவழமைக்கு உட்பட்டது என்னும் எண்ணம் குடாநாட்டில் பரவலாக உண்டு. ஒல்லாந்தர் காலத்தில் 1706-1707ஆம் ஆண்டுகளில் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் என்பவரால் தொகுக்கப்பட்டு, முதலியார்கள் பன்னிருவரால் சரிபார்க்கப்பட்டு, 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் ஆங்கில ஆட்சியிலும் உறுதிபெற்றது தேசவழமை. சீதனம், முதுசம், ஒற்றி, பங்காளரின் முன்கொள்வனவு உரிமை ஆகியவற்றில் அதன் ஆட்சி இன்றும் உண்டு. ஆனால் ஒருவரின் கவனயீனத்தால் மற்றவருக்கு நேர்ந்த நட்டத்தைத் தேசவழமை தீர்ப்பதில்லை. அங்கே நாட்டின் பொதுச் சட்டமாகிய உரோம-ஒல்லாந்தச் சட்டமே பொருந்தும். அச்சட்டத்தின்படி நட்டஈடு கோருபவர் மூன்றைக் காட்டவேண்டும்: எதிராளி செய்யவேண்டியதைச் செய்யாது விட்டமை, அதனாலேயே நட்டம் நேர்ந்தமை, அந்நட்டம் பணத்தில் மதிக்கத்தக்கதாக இருத்தல். காட்டவேண்டிய பாரம் நட்டமடைந்தவருடையதே என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

ஓர் உதாரணம் கொள்வோம். ஒரு தோட்டத்தின் எல்லையில் முற்றிய வேம்பு ஒன்று நிற்கின்றது. இலை செழித்து, அடி உறுதியாக உள்ளது. எவரும் அதைப்பற்றிக் குறை கூறியதில்லை. 1964 டிசெம்பர் 22, 23ஆம் திகதிகளில் தனுஷ்கோடியை அழித்து வட இலங்கையையும் தாக்கிய புயல் போன்ற ஒன்று வருகின்றது. அயலில் நல்ல மரங்கள் பலவும் வீழ்கின்றன. இவ்வேம்பும் வீழ்ந்து பக்கத்துக் காணியின் இயந்திரக் கொட்டிலை நொறுக்குகின்றது. இங்கே வேம்பின் சொந்தக்காரர் பொறுப்பாளியல்லர். அவர் செய்யத் தவறியது ஒன்றுமில்லை.

அதே வேம்பின் அடியில் மூன்று ஆண்டுகளாகக் காளான் பூத்ததாகவும், ஒரு பக்கம் கறையான் ஏறியதாகவும், பக்கத்துத் தோட்டக்காரர் இரு முறை சொல்லியும் காணிக்காரர் “பார்ப்போம்” என்று காலங்கடத்தியதாகவும் கொள்வோம். கார்த்திகை மாதத்து வழமையான காற்றொன்றில் அது சரிகின்றது. ஊரில் வேறு மரம் எதுவும் விழவில்லை. இங்கே “கடவுட் செயல்” என்னும் எதிர்வாதம் நிலைப்பது அரிது. கார்த்திகையில் காற்றும் மழையும் வருதல் இக்குடாநாட்டில் எவரும் எதிர்பாராத செயலன்று. 2008 நவம்பரில் நிஷா புயல் தந்த வெள்ளத்தையும், 2020 டிசெம்பர் 2ஆம் திகதி இரவு திருகோணமலைக்கு வடக்கே கரையேறிய புரெவிப் புயலையும் கண்டவர்கள், மாரிக்கு முன் மரத்தைப் பார்த்துக்கொள்ளுதல் காணிக்காரரின் கடமையே என்பதை மறுக்கமாட்டார்கள்.

பிற நாட்டுத் தீர்ப்புகள்

இக்கோட்பாடு நமது நாட்டுக்கு மாத்திரம் உரியதன்று. இங்கிலாந்தில் 1926ஆம் ஆண்டில் தீர்க்கப்பட்ட வழக்கொன்றில், வீதியின்மேல் நீண்டிருந்த மரக்கிளையொன்று முறிந்து கீழே சென்ற மோட்டார் வண்டியைச் சேதப்படுத்தியது. கிளையினுள்ளே இருந்த வெடிப்பு வெளியே தெரியாத ஒன்றாகையால் காணிக்காரர் பொறுப்பாளியல்லர் எனத் தீர்ப்பாயிற்று. இதற்கு மாறானது தில்லி வழக்கு. 1964ஆம் ஆண்டில் அங்கே வீதியோரத்துப் பட்ட மரத்தின் கிளையொன்று, ஸ்கூட்டரில் சென்றவரின் தலைமீது வீழ்ந்து அவர் இறந்தார். காய்ந்த மரத்தை அகற்றாது விட்ட மாநகராட்சியே பொறுப்பென 1999ஆம் ஆண்டில் இந்திய உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. ஒரு மரத்தில் கேடு மறைந்திருந்தது. மற்றதில் வெளிப்படையாக நின்றது. வேறுபாடு அவ்வளவே.

நமது வழக்குகளுக்கும் ஒருகாலத்தில் இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த கோமறைக் கழகம் 1966ஆம் ஆண்டில் தீர்த்த மேற்கு அவுஸ்திரேலிய வழக்கு இன்னும் நுட்பமானது. 1961 பெப்ரவரியில் இடி விழுந்து, 100 அடி உயரமான மரமொன்றின் கவட்டில் தீப்பிடித்தது. காணிக்காரர் சுற்றிலும் துப்புரவாக்கி, நீர் தெளித்து, ஆள் பிடித்து மறுநாளே மரத்தை வீழ்த்தினார். அதுவரை அவர் செய்தவை யாவும் முறையானவை. ஆனால் வீழ்ந்த மரத்தை நீரூற்றி அணைக்காமல், தானே எரிந்து அடங்கட்டும் என விட்டார். சில நாளில் காற்று மாறிற்று. தீ அயற்காணிகளுக்குப் பாய்ந்தது. இடி விழுந்தமைக்கு அவர் பொறுப்பல்லர். ஆயினும் தம் காணியில் இயற்கையால் உண்டான ஆபத்தை அறிந்த பின்னர், தம்மால் இயன்றதைச் செய்யாது விட்டமைக்குப் பொறுப்பாளரே என்பது தீர்ப்பு. இயன்றது எது என்பதை அவரவர் வசதியைக் கொண்டும் நீதிமன்றம் அளந்தது. பத்து ஏக்கர் வைத்திருப்பவரிடமும், இரண்டு பரப்பு வைத்திருக்கும் முதியவரிடமும் ஒரே செலவை எதிர்பார்ப்பது நியாயமன்றே.

சருகு உதிர்வது, பழம் விழுவது போன்றவற்றுக்காக வழக்காடுவோர்க்கும் ஒரு சொல். உரோம-ஒல்லாந்தச் சட்டம் வழங்கும் தென்னாபிரிக்காவில், ஓக் மரத்துச் சருகும் கொட்டையும் கூரைப் பீலியை அடைக்கின்றன என்று ஒருவர் சேரிஸ் நகரசபைமேல் வழக்கிட்டார். அயலில் மரம் நிற்பதால் வரும் சாதாரண தொல்லையைப் பொறுத்துக்கொள்ளவேண்டும் என 1951ஆம் ஆண்டில் அந்நாட்டு மேன்முறையீட்டு மன்றம் கூறியது. பூவரசஞ் சருகு வெங்காயப் பாத்தியில் விழுகின்றது என்னும் முறைப்பாடும் இவ்வகையினதே.

வேலி போய் மதில் வந்தபோது

குடாநாட்டில் இப்போது பெருகிவரும் ஒரு காரணத்தைக் கமக்காரர் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும். முன்னர் எல்லைகளில் கிளுவை, பூவரசு, முள்முருக்குக் கதியால்கள் நின்றன. கதியால் போடுவதற்குச் சிறு குழி போதும். அயல்மரத்தின் வேர் அறுபடுவதில்லை. இன்று வேலிகளை அகற்றி மதில் எழுப்புகின்றனர். அத்திவாரத்துக்கு எல்லை நெடுகிலும் கிடங்கு வெட்டப்படுகின்றது. வலிகாமத்துச் செம்மண் பல இடங்களில் ஆழமற்றது. அதன் கீழே சுண்ணாம்புக் கல் கிடக்கின்றது. ஆணிவேர் ஆழச் செல்ல இயலாத வேம்பும் மாவும் பக்கவேர்களைப் பரப்பியே நிற்கின்றன. அத்திவாரக் கிடங்கு அவ்வேர்களை ஒரு பக்கம் முழுவதும் அறுத்துவிட்டால், மழையில் மண் நெகிழ்ந்ததும் மரம் வேரோடு சாய்வதில் வியப்பில்லை.

அவ்வாறு வேரை அறுத்தவர் மதில் கட்டிய அயலவரே என்றால், அவர் தம் தோட்டத்தில் மரம் விழுந்ததற்கு முழு நட்டஈடு கேட்க முடியாது. 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின்படி, இரு பக்கத்தாரின் கவனயீனமும் நட்டத்துக்குக் காரணமாயின், நட்டமடைந்தவரின் பங்குக்கேற்ப நட்டஈடு குறைக்கப்படும். எல்லையில் கிடங்கு வெட்டுமுன் மரத்துக்காரரை அழைத்துக் காட்டி, வேருள்ள இடத்தில் மதிலுக்குத் தூண் நிறுத்திப் பாலம்போல் கடத்துவது செலவில் சிறிது கூடினும் பின்னால் வரும் செலவுக்குச் சிறிதே.

எவற்றைப் பார்க்கவேண்டும்

புரட்டாதி மாதத்தில் ஒரு காலை வேளையை ஒதுக்கிக் காணியைச் சுற்றிவருதல் போதும். அடியில் காளான், புற்று, உக்கிய பொந்து. கோடரியின் பின்புறத்தால் தட்டும்போது வெறுமையான ஓசை. ஒரு பக்கத்துக் கொப்புகள் மட்டும் பட்டுப்போதல். சென்ற ஆண்டு நேராய் நின்றது இவ்வாண்டு சாய்ந்திருத்தல். மழைக்குப் பின் சாய்வுக்கு எதிர்ப்பக்கத்து மண்ணில் பிளவு. கடைசியாகக் கூறியது மிகவும் ஆபத்தானது. அதனைக் கண்டால் நாட்களை எண்ணிக்கொண்டிருத்தல் கூடாது.

பனை எளிதில் வேரோடு சாயும் மரமன்று. ஆயினும் போர்க்காலத்தில் எறிகணை பட்டும், பிற்காலத்தில் இடி விழுந்தும் வண்டு தாக்கியும் தலையிழந்த பனைகள் குடாநாடெங்கும் நின்றன. சில இன்னும் நிற்கின்றன. தலை போன பனை மீண்டும் தழைப்பதில்லை. உச்சியிலிருந்து நீர் இறங்கி உள்ளே உக்கும். வெளி வைரம் சில ஆண்டுகள் தாங்கிநிற்பதால் அது நிலையானதுபோல் தோற்றும். அயற்காணிக்கு எட்டும் தூரத்தில் நிற்கும் தலையற்ற பனையை, “ஆபத்தென்று தெரியாது” எனச் சொல்லிப் பாதுகாத்தல் கடினம்.

ஆபத்தான மரத்தை முழுவதும் தறிக்கவேண்டும் என்பதில்லை. பாரமான கொப்புகளை மழைக்கு முன் இறக்கினால் காற்றுப் பிடிப்புக் குறையும். இறக்கிய குழை தோட்டத்துக்கும் வயலுக்கும் பசளையாகும். குழை வெட்டும்போது தம் பக்கத்துக் கொப்புகளை மாத்திரம் வெட்டி, அயற்பக்கத்தை விட்டுவிடும் வழக்கம் தவறானது. அவ்வாறு பாரம் ஒரு புறம் ஏறி மரம் சரிந்தால், அச்சரிவை உண்டாக்கியவர் காணிக்காரரே ஆவர்.

முழுவதும் தறிக்கவேண்டிய இடத்து, பலா, பெண்பனை முதலிய மரங்களுக்கு 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் அனுமதி வேண்டும். கிராம அலுவலர் மூலம் பிரதேச செயலகத்துக்கு விண்ணப்பிக்கலாம். அனுமதி தாமதிக்கின்றதாயினும் விண்ணப்பித்த கடிதத்தின் பிரதியைக் காணிக்காரர் வைத்திருத்தல் நன்று. தாம் வாளா இருக்கவில்லை என்பதற்கு அது சான்று. தறிக்கும் வேளையில் மரம் அயற்காணியில் விழுமாயின், “கூலிக்கு வந்தவரின் பிழை” என்று கூறி எளிதில் தப்ப இயலாது. கயிறு கட்டி இழுத்து, துண்டு துண்டாக இறக்குவிப்பது வேலை செய்விப்பவரின் கடமை.

அறிவித்தல்

அயலவரின் மரம் ஆபத்தாக நிற்கக் காண்பவர் அதை எழுத்தில் அறிவித்தல் வேண்டும். வாயால் சொன்னதை மரம் விழுந்தபின் எவரும் மறுக்கலாம். கதியால் ஒரு சாண் நகர்ந்ததற்காக நீதிமன்றம்வரை சென்ற குடும்பங்கள் உள்ள இந்நாட்டில், கடிதம் எழுதுவது பகைக்கு அறிகுறி எனச் சிலர் கூச்சப்படுகின்றனர். முதலில் நேரில் சென்று பேசி, பின்னர் “நாம் பேசியபடி” என்று தொடங்கிப் பணிவாக எழுதினால் பகை வராது. கீழ்க்காணும் அளவு போதும்:

“தங்கள் காணியின் மேற்கு எல்லையில், எமது கிணற்றுக்கு அருகே நிற்கும் வேம்பு அடியில் உக்கி, எமது தோட்டப் பக்கமாகச் சாய்ந்துள்ளது. மாரிமழைக்கு முன் கொப்பிறக்கியோ தறித்தோ ஆபத்தை நீக்குமாறு கேட்டுக்கொள்கின்றோம். இவ்வேலைக்காக எமது காணிக்குள் வரவேண்டுமாயின் இடம் தருவோம்.”

திகதியும் கையொப்பமும் இட்டு, பதிவுத் தபாலில் அனுப்பி, ஒரு பிரதியைக் கிராம அலுவலரிடம் கொடுக்கலாம். மரத்தின் படமொன்றை எடுத்து வைத்தல் மேலும் நன்று. அறிவித்தும் பயனில்லாது ஆபத்து நெருங்கியிருக்குமாயின், மரம் விழும்வரை காத்திராமல் அதனை நீக்கும்படி கட்டளை கோரி நீதிமன்றத்தை நாடவும் வழியுண்டு. எல்லை தாண்டி நீண்ட கொப்பை, சொந்தக்காரரிடம் கேட்டும் அவர் வெட்டாதவிடத்து, எல்லைவரை வெட்டலாம். அதற்காக அவர் காணிக்குள் புகுதலோ அடிமரத்தில் கைவைத்தலோ கூடாது. அப்படிச் செய்தால் முறைப்பாட்டுக்காரரே எதிராளியாகிவிடுவார்.

காணிக்காரர் கடல் கடந்திருந்தால் யாருக்கு அறிவிப்பது? குடாநாட்டில் இன்று மிகுதியாக எழும் கேள்வி இதுவே. உரிமையாளர் தொரன்ரோவிலோ இலண்டனிலோ இருக்க, காணி பற்றையாகி, விதை விழுந்து முளைத்த வேம்புகள் எல்லை தெரியாது வளர்ந்து நிற்கும். 1990ஆம் ஆண்டில் இடம்பெயர்ந்து பல ஆண்டுகளின் பின்னர் தம் காணிக்குத் திரும்பிய வலிகாமம் வடக்குக் குடும்பங்களிற் பல இதனை நேரிற் கண்டவை. உரிமையாளர் தூரத்தில் இருத்தல் அவரது கடமையை நீக்காது. ஆனால் அறியாதவரைக் குற்றம் சாட்டுதலும் கடினம். ஆகவே அறிவித்தல் இங்கே இருமடங்கு முக்கியமாகின்றது. அற்றோணித் தத்துவம் பெற்றவருக்கும், காணியைப் பார்த்துக்கொள்பவருக்கும், முகவரி அறியின் உரிமையாளருக்கும் தனித்தனியே அறிவித்தல் வேண்டும். பிரிக்கப்படாத காணியாயின் பங்காளர் அனைவருக்கும் அனுப்பலாம். ஒற்றியிலோ குத்தகையிலோ உள்ள காணியில், மரத்தைக் கவனிக்கும் அதிகாரம் எவர் கையில் உள்ளது என்பதே நோக்கப்படும். உறுதியில் அதைப்பற்றி ஒரு வரி எழுதிக்கொள்ளாத குத்தகைக்காரர் பின்னர் வருந்த நேரும்.

வீதியோர மரங்களுக்கு வீதிக்குப் பொறுப்பான சபையோ திணைக்களமோ பொறுப்பு. 2023 ஒக்ரோபர் 6ஆம் திகதி கொழும்பு கொள்ளுப்பிட்டியில் மரமொன்று பேருந்தின்மேல் வீழ்ந்து ஐவர் இறந்தமை பலருக்கும் நினைவிருக்கும். அரசின் மீதும் இத்தகைய நட்டத்துக்கு வழக்கிட 1969ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் இடமளிக்கின்றது. ஆயின் வழக்குக்கு ஒரு மாதம் முன்னதாக எழுத்தில் அறிவித்தல் கொடுக்கவேண்டும். உள்ளூராட்சிச் சபைகளுக்கெனத் தனி விதிகள் உள்ளமையால் தாமதியாது சட்டத்தரணி ஒருவரைக் காணுதல் வேண்டும்.

மரம் விழுந்த பின்னர்

விழுந்த மரத்தை உடனே வெட்டி ஒதுக்கிவிட்டுப் பின்னர் நட்டம் பேசுவது பலர் செய்யும் பிழை. அடிமரமும் வேரும் உக்கியிருந்தமைக்கு அம்மரமே முதற் சாட்சி. கிராம அலுவலரை அழைத்துக் காட்டி, வேர்ப்பகுதியைப் படம்பிடித்த பின்னரே கோடரி வைக்கவேண்டும். மின்கம்பி அறுந்து கிடக்குமாயின் எவரும் அணுகாது மின்சார சபைக்கு முதலில் அறிவித்தல் வேண்டும்.

பயிர் நட்டத்தை மதிக்க விவசாயப் போதனாசிரியரின் உதவியைக் கோரலாம். உதாரணமாக, அறுவடைக்கு மூன்று வாரம் இருந்த வெங்காயம் ஒரு பரப்பில் நசுங்கிற்று என்றால், பக்கத்தில் அழியாது நின்ற பாத்திகளின் விளைச்சலை நிறுத்து, அதிலிருந்து அழிந்த பரப்பின் விளைவைக் கணித்து, அக்காலத்துச் சந்தை விலையால் பெருக்கி, செய்யாமல் மீந்த நீரிறைப்பு, கிண்டு கூலிகளைக் கழித்துக் காணும் தொகையே நியாயமான நட்டம். இவ்வாறு கணக்குடன் வருபவரின் சொல்லுக்கு மதிப்புண்டு. வேலி உடைந்திருக்குமாயின் அன்றே ஓலையோ முட்கொப்போ கொண்டு அடைத்தல் வேண்டும். இரண்டு நாள் திறந்து விட்டு, மாடு புகுந்து தின்ற பயிருக்கும் சேர்த்து மரத்துக்காரரிடம் கேட்டால் அது கிடையாது. நட்டம் பெருகாமல் தடுப்பது நட்டமடைந்தவரின் கடமை.

விழுந்த மரம் எந்தக் காணியிற் கிடந்தாலும் அது மரத்துக்காரருடையதே. நட்டத்துக்கு ஈடாக விறகை எடுத்துக்கொள்வதாயின் இருவரும் ஒப்பி, எழுதிக் கையொப்பமிட்டபின் எடுக்கலாம். முதிர்ந்த பனையாயின் மரமும் சிலாகையும் நல்ல விலைபெறும். சிறு நட்டங்கள் பல இவ்வாறே தீர்கின்றன.

அவ்வாறு தீராதவை, 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த மத்தியஸ்த சபைக்குச் செல்லும். சட்டம் குறித்த தொகைக்கு உட்பட்ட பிணக்குகளை முதலில் அங்கே கொண்டுசென்று, இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழ் பெற்றாலன்றி நீதிமன்றம் வழக்கை ஏற்காது. நட்டஈட்டு வழக்குக்கு 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வைத்துள்ள எல்லை இரண்டு ஆண்டுகள். நட்டம் நேர்ந்த நாளிலிருந்து அது எண்ணப்படும். அடுத்த போகம் முடியட்டும், பிள்ளை வெளிநாட்டிலிருந்து வரட்டும் என்று தள்ளிப்போடுவோர் இந்நாளைத் தவறவிடுகின்றனர். ஆதலால் மரம் விழுந்த திகதியையும், அறிவித்தற் கடிதத்தின் பிரதியையும், பதிவுத் தபால் துண்டையும் காணி உறுதியுடன் ஒரே உறையில் வைத்தல் வேண்டும்.